புதுத் தொட்டிக்கு எத்தனை வாளி?

மீன்தொட்டி வாங்கிக்கொண்டு கிளம்புகிறவருக்குக் கடையில் கிடைக்கும் கடைசி அறிவுரை பெரும்பாலும் இதுதான்: "ஒரு மாசத்துக்குத் தண்ணியைத் தொடாதீங்க, செட் ஆகட்டும்." பல வருடம் மீன் வளர்த்துத் தேறியவர்கள் இதற்கு நேர்மாறாகத் தினமும் பாதித் தண்ணீரை மாற்றச் சொல்வார்கள். வாரத்துக்கு ஒருமுறை கால்பங்கு போதும் என்று நடுவில் நிற்பவர்களும் உண்டு. மீனை விட்டபடியே தொட்டியைப் பழக்கும்போது இந்த மூன்றில் எது நிற்கும்?

மீன் தன் செவுள் வழியே அம்மோனியாவை ஓயாமல் வெளியிடுகிறது. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு பாக்டீரியாக் கூட்டம், அந்த நைட்ரைட்டை அதிகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாக மாற்ற இன்னொன்று. இரண்டும் ஃபில்டரில் குடியேறிப் போதுமான அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் வரை ஆகலாம். அதுவரை அந்த விஷத்துக்குத் தொட்டியைவிட்டுப் போக வாளியைத் தவிர வேறு வழி இல்லை.

'தொடாதே' கட்சிக்கு இரண்டு வாதங்கள். தண்ணீரோடு பாக்டீரியாவும் போய்விடும் என்பது முதலாவது. இது தவறு. அவை ஸ்பாஞ்சிலும் கற்களிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒட்டி வாழ்பவை; நீரில் மிதப்பது சொற்பம். அவற்றை ஒழிக்க வேண்டுமானால் ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கசக்கிப் பிழிய வேண்டும். தண்ணீரைத் தொடவே பயப்படுகிற பலர் அதைத் தவறாமல் செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டாவது வாதம் அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. வெளியே ஊற்றிய அம்மோனியா பாக்டீரியாவுக்குப் போயிருக்க வேண்டிய உணவு; அது குறைந்தால் பெருக்கம் தாமதமாகும். உண்மைதான். ஆனால் எவ்வளவு? 1990களின் பிற்பாதியில் டிமோதி ஹோவனெக் குழுவினர் நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்து, நைட்ரைட்டைத் தின்பது பாடநூல்கள் சொல்லிவந்த நைட்ரோபாக்டர் அல்ல, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினார்கள். குறைந்த நைட்ரைட்டிலேயே காலம் தள்ளக்கூடிய இனம் அது. தவிர, மீன் உள்ளே இருக்கும்வரை உணவு வந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே இழப்பு என்பது சில நாள் தாமதம். அதைத் தவிர்க்கச் செவுளைப் பலி கொடுப்பது நியாயமான பேரம் அல்ல.

இந்தக் கட்சி கணக்கில் எடுக்காத ஒன்றும் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, நீரின் காரத்தன்மையில் ஏறக்குறைய ஏழு மில்லிகிராம் செலவாகிறது. அதை நிரப்பாவிட்டால் பி.எச் இறங்கும், 6க்குக் கீழே போனால் பாக்டீரியா ஏறக்குறைய வேலைநிறுத்தமே செய்துவிடும். மீனுக்கு நல்லது செய்வதாக நினைத்து ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றி வைத்த தொட்டிகளில் இது சீக்கிரமே நடக்கும். அங்கே கொஞ்சம் குழாய்த் தண்ணீர் சேர்த்து மாற்றுவதுதான் பாக்டீரியாவைக் காப்பாற்றும்.

இனி நடுநிலைக்காரர்கள். மீன்கள் ஒரு நாளில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அம்மோனியா சேர்ப்பதாகவும், பாக்டீரியா இன்னும் தலைகாட்டவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை கால்பங்கு மாற்றினால் முதல் வாரக் கடைசியில் 3.5, இரண்டாவதில் 6.1, மூன்றாவதில் 8. தினமும் கால்பங்கு மாற்றினால் 2ஐத் தாண்டாது. தினமும் பாதி என்றால் 1ஐத் தாண்டாது. வாரக் கால்பங்கு என்பது பழகிய தொட்டிக்கான வழக்கம். புதுத் தொட்டியில் அது மாற்றாமல் இருப்பதற்குச் சற்றே மரியாதையான பெயர்.

அந்த 1கூட எல்லா நீரிலும் ஒன்றல்ல. 28 டிகிரி வெப்பத்தில் பி.எச் 7 என்றால், அம்மோனியா சோதனைக் கிட் காட்டும் மொத்த அளவில் நூற்றுக்கு ஒரு பங்குக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும்; மிச்சம் அவ்வளவு தீங்கில்லாத அம்மோனியம். பி.எச் 8இல் விஷப் பங்கு ஆறு விழுக்காட்டைத் தாண்டுகிறது. கார போர் தண்ணீர் வரும் வீட்டில் 1 என்பது ஆபத்து, மென்னீர் வரும் வீட்டில் பொறுக்கக்கூடியது. உப்புக்கரிக்கும் போர் தண்ணீருக்கு ஓர் ஆறுதல் உண்டு. நைட்ரைட் செவுளுக்குள் நுழைவது குளோரைடு போகும் அதே வாசலில். குளோரைடு நிறைய இருந்தால் நைட்ரைட்டுக்கு இடம் கிடைப்பது கடினம். நல்ல தண்ணீர்க்காரர்கள் பத்து லிட்டருக்கு ஒரு கிராம் சாதா உப்பு போட்டு இதே காவலைப் பெறலாம்.

கடைக்காரருக்கு மீன் செத்தால் இன்னொரு வியாபாரம் என்று சொல்வது எளிது. நான் அப்படி நினைக்கவில்லை. தண்ணீர் மாற்றிய மறுநாள் மீன் மிதப்பதை அவர்கள் நிஜமாகவே பார்த்திருக்கிறார்கள். வாரக்கணக்கில் தொடாத தொட்டியில் பி.எச் இறங்கி, அம்மோனியம் குவிந்து கிடக்கும். அதில் பி.எச் 8 நீரைப் பாதி ஊற்றினால் அது ஒரே மூச்சில் விஷமாகத் திரும்பும். ஆன்டி குளோரின் போட மறந்திருக்கலாம். நண்பகலில் மொட்டைமாடி டேங்கின் கொதிநீரை அப்படியே திறந்துவிட்டிருக்கலாம். அவர்கள் பார்த்த சாவு பொய்யில்லை. அது முதலில் மாற்றாமல் விட்டதாலும் பிறகு கவனமின்றி மாற்றியதாலும் வந்தது.

ஆகவே என் தீர்ப்பு தினமும் மாற்றச் சொல்பவர்கள் பக்கம், ஒரு திருத்தத்தோடு: 'பாதி' என்பதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் கிட்டில் பார்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து 0.5க்குக் கீழே வரும் அளவுக்கு மாற்றுவது. சில நாள் கால்பங்கு போதும், சில நாள் பாதியும் போதாது. மிகவும் ஏறியிருந்தால் ஒரே தடவையில் அல்லாமல் சில மணி நேர இடைவெளியில் இரண்டு தவணையாக. தீனியைக் குறைத்தால் வாளியும் குறையும். அம்மோனியா இறங்கியதும் நிம்மதியாகிப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். நைட்ரைட்டின் முறை அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு வாரம் முழுக்க இரண்டும் பூஜ்யமாக நின்று நைட்ரேட் மட்டும் ஏறினால், அப்போது வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குக்கு மாறிக்கொள்ளலாம்.