பொருள்வயிற் பிரிவும் இல்லிருந்தாள் துயரும்

பொருள் மிகுந்தால் இன்பமும் மிகுமோ என்னும் வினாவுக்குச் சங்கப் பாலைப்பாட்டுக்கள் கூறும் விடை யாது எனக் கேட்பின், மாணாக்கர் பலரும் ஒரே மறுமொழி கூறுவர்: பொருள் நிலையற்றது, காதலே பெரிது, ஆதலின் பொருள்வயிற் பிரிதல் பேதைமை என்பதே அம்மறுமொழி. தேர்வுக்குரிய குறிப்பு நூல்கள் இவ்வாறே கற்பிக்கின்றன. மற்றொரு சாரார், இலக்கணப் பயிற்சி மிக்கோர், இப்பாட்டுக்களிலே விடை தேடுதலே வீண் என்பர். பிரிவு பாலைக்கு உரிப்பொருள். புலவர் மரபு கருதிப் பாடினர். அதன்கண் வாழ்க்கை பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்பது அவர் கருத்து. முன்னையோர் பாட்டை நீதிமொழியாக்கிவிடுகின்றனர். பின்னையோர் அதனை வெறும் துறையாக்கிவிடுகின்றனர். பாட்டைப் பாட்டாக வைத்து நோக்குவார்க்கு இரண்டும் பொருந்தாமை புலனாகும்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். பழந்தமிழ்ப் புலவர் பொருளை இகழ்ந்தாரல்லர். திருவள்ளுவர் பொருள் செயல்வகைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தீதின்றித் திறனறிந்து ஈட்டிய பொருள் அறத்தையும் இன்பத்தையும் ஒருங்கே தரும் என்பது அவர் துணிபு. வந்த வழி தூயதாதல் வேண்டும் என்பதே அவர் விதித்த கட்டளை. நல்குரவு என்னும் அதிகாரத்தை வாசித்தோர் எவரும், வறுமையிலே இனிமை கண்டவர் வள்ளுவர் என்று கூறத் துணியார். குறுந்தொகையிலே உகாய்க்குடி கிழார் பாடிய தலைவனும் (63) இவ்வழியே தொடங்குகின்றான். இல்லாதவர்க்கு ஈதலும் இல்லை, துய்த்தலும் இல்லை என்பதை அவன் ஒப்புக்கொள்கின்றான். ஒப்புக்கொண்டபின், தன்னைப் பொருள் தேடப் போகுமாறு உந்தும் நெஞ்சை நோக்கி அவன் வினவுவது ஒன்றே. அவளும் உடன் வருவாளோ, அன்றி என்னை மட்டுமே போக்குகின்றாயோ? நெஞ்சு கூறிய காரணத்தை அவன் மறுக்கவில்லை. அதற்குரிய விலையை மட்டுமே கேட்கின்றான்.

விலை பற்றிய இவ்வினாவே பாலைத்திணையின் உயிர்நாடி. பொருள் இன்பந் தருமா தாராதா என்பது அப்புலவர்க்குப் பெருஞ் சிக்கலாகத் தோன்றவில்லை. பொருளுக்காகக் கொடுக்கப்படுவது யாது, அதனைக் கொடுப்பவர் யார் என்பதே அவர்களை வருத்திற்று. கொடுக்கப்படுவது காலம், அதிலும் இளமைக்காலம். நற்றிணை 126ஆம் பாட்டின் தலைவன் இதனை வணிகன் கணக்குப் பார்ப்பதுபோலப் பார்க்கின்றான். இளமையினும் சிறந்ததொரு வளமை இல்லை. அவ்விளமை போனபின் வரும் வளமையோ காதலின்பத்தை மீட்டுத் தரமாட்டாது. இரண்டும் ஒரே கையில் ஒரே காலத்தில் இருந்தாலன்றிப் பயனில்லை என்பது அவன் கண்ட முடிபு. தொல்காப்பியரும் இக்காலக் கணக்கை அறிந்தே எல்லை வகுத்தார் போலும். கல்விக்குப் பிரிந்தோன் மூன்றியாண்டு கடத்தலாகாது; வேந்தற்குற்ற தொழில்மேற் சென்றோன் ஓர் யாண்டினுள் மீளல் வேண்டும்; ஏனைப் பிரிவுகட்கும் அவ்வெல்லையே எனக் கற்பியல் கூறும். பொருள் தேடச் சென்றோனுக்கும் ஓராண்டே தவணை! உத்தியோகத்தின் பொருட்டு முப்பது ஆண்டு கடல் கடந்து வாழ்ந்த ஒரு நாட்டினர்க்கு இச்சூத்திரம் விந்தையாகத் தோன்றலாம்.

கொடுப்பவர் யார் என்னும் வினாவிலே பாட்டுக்கள் இன்னுங் கூர்மையடைகின்றன. பொருளை ஈட்டுபவன் தலைவன். விலையிற் பெரும்பகுதியைச் செலுத்துபவளோ வீட்டிலிருக்கும் தலைவி. கோப்பெருஞ்சோழன் பாடிய குறுந்தொகைப் பாட்டிலே (20) அவள் வாய்திறக்கின்றாள். அருளையும் அன்பையும் கைவிட்டுப் பொருள்வழிப் போவோர் அறிவுடையோராயின், அவ்வறிவு அவர்பாலே இருக்கட்டும், பேதைமை எம்பால் இருக்கட்டும் என்பது அவள் பேச்சின் கருத்து. இதனைப் பொறுமை என்று உரைப்போர் உளர். உண்மையில் இது கசப்பு. 'அறிவு' என்னும் சொல்லையே அவள் எள்ளி நகையாடுகின்றாள். இதனைப் பாடியவன் ஒரு முடிமன்னன் என்பதும், பாலை பாடுவதிலேயே பெயர் பெற்ற பெருங்கடுங்கோ சேரர் குடியினன் என்பதும் சுவையான முரண். பொருளுக்காக வீட்டைவிட்டுப் போக வேண்டாதவர்களே, போகின்றவனையும் இருப்பவளையும் இத்துணை நுட்பமாக உணர்ந்துள்ளனர்.

அரச குடியினர் பாடினர் என்பதனால் நேர்ந்த குறையொன்றும் இங்கே கூறத்தக்கது. கலித்தொகை 18ஆம் பாட்டிலே, பிரியக் கருதிய தலைவனைத் தோழி தடுக்கின்றாள். ஓர் ஆடையைக் கூறாக்கி இருவர் உடுக்க நேரினும் சேர்ந்து வாழ்வோர் வாழ்க்கையே வாழ்க்கை என்றும், கழிந்த இளமையை மீட்டல் அரிது என்றும் அவள் கூறும் மொழி, மேடைதோறும் எடுத்தாளப்படுவது. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றியதன் பயனாக இன்று அது சிறுவர்க்கும் தெரிந்த மொழியாயிற்று. மொழியின் அழகை மறுப்பார் இல்லை. ஆயினும் அதனைக் கூறுபவள் பாதியாடை உடுத்தவள் அல்லள். செல்வர் மனையில் நின்று அவள் பேசுகின்றாள். அகப்பாட்டின் தலைவன் பெரும்பாலும் உள்ளதைப் பெருக்கவே பிரிகின்றானன்றி, உணவின்மையாற் பிரிகின்றானல்லன். முன்னோர் தேடிவைத்ததைத் தின்று தீர்ப்பது ஆண்மையன்று என்னும் எண்ணம் அவனை உந்துகின்றது. குறுந்தொகை 283இல் பெருங்கடுங்கோவே இதனைப் பாடியுள்ளான். ஆகவே, பாதியாடை பற்றிய அம்மொழியை வறுமைக்குரிய நற்சான்றாகக் கொண்டு, வறியவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு, 'உள்ளதே போதும், பொருளால் வருவது ஒன்றுமில்லை' எனக் கற்பித்தல் பாட்டுக்கும் அநீதி, பிள்ளைகளுக்கும் அநீதி.

வறுமையின் முகத்தைக் காண விழைவோர் அகத்தை விட்டுப் புறத்துக்குச் செல்லல் வேண்டும். புறநானூறு 164இல் பெருந்தலைச்சாத்தனார் காட்டும் அடுப்பு, சமையலையே மறந்து காளான் பூத்துக் கிடக்கின்றது. பசித்த குழந்தை பாலற்ற முலையைச் சுவைத்து அழுகின்றது. குழந்தையின் முகத்தைத் தாயும், தாயின் முகத்தைப் புலவனும் நோக்கி நிற்கின்றனர். அவ்வீட்டிலும் இருவரும் பிரியாமலே இருந்தனர்! ஒன்றி வாழ்தலே வாழ்க்கை என்னும் தோழியை அவ்வடுப்பின் முன்னே நிறுத்தினால் அவள் யாது கூறுவாள்? கலித்தொகையும் புறநானூறும் வெவ்வேறு பாடநூல்களாகிவிட்டமையால் இவ்வினாவை எழுப்புவார் அரியராயினர்.

பட்டினப்பாலை இவ்வாராய்ச்சிக்கு வேறொரு வகையில் உதவும். 301 அடி கொண்ட அப்பாட்டிலே, காவிரிப்பூம்பட்டினத்தையே பெறுவதாயினும் இவளைப் பிரிந்து வாரேன் என்று தலைவன் நெஞ்சுக்குக் கூறும் செய்தி ஏறத்தாழ மூன்றடியில் அடங்கும். அதற்கு முன்னே இருநூறு அடிக்கு மேலாகப் பட்டினத்தின் வளம் விரிகின்றது: கடல்வழி வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகு, வடமலைப் பொன், மேற்குமலைச் சந்தனம், தென்கடல் முத்து, ஈழத்து உணவு, காழகத்துப் பொருள், புலிப்பொறி இட்டு அடுக்கிய மூடைகள். வேண்டாம் என்று தள்ளப்போகும் பொருளை இத்துணை ஆசையோடு எண்ணிப் பார்த்த தலைவன் பிறிதோரிடத்தில் உண்டோ என ஐயுறல் தகும். இப்பாட்டுக்காகக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பதினாறு நூறாயிரம் பொன் பரிசு பெற்றார் என்பது கலிங்கத்துப்பரணி கூறும் செய்தி. பொருளை மறுத்த பாட்டுக்கு அத்துணைப் பொருள்! இதனைப் புலவர்க்கு இழுக்கென்று கருத வேண்டுவதில்லை. பொருளின் கவர்ச்சியை முழுதும் உணர்ந்த ஒருவன் வாரேன் என்று மறுத்தாலன்றி அம்மறுப்புக்கு மதிப்பில்லை என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

இக்கால ஆராய்ச்சியாளர் இவ்வினாவை எண்களால் அளக்க முற்பட்டனர். ஒரு நாட்டினுள்ளே செல்வர் வறியவரினும் மகிழ்வோராயினும், நாடு முழுதும் செல்வம் பெருகியபோது மகிழ்ச்சி அவ்வளவிற்குப் பெருகவில்லை என்று 1974இல் றிச்சாட் ஈஸ்டர்லின் எழுதினார். அமெரிக்க நாட்டிலே ஆண்டு வருவாய் ஏறத்தாழ 75,000 டொலரைக் கடந்தபின் அன்றாட மகிழ்ச்சி உயர்வதில்லை என 2010இல் டானியல் கானமனும் ஆங்கஸ் டீற்றனும் கண்டனர். அவ்வாறு நிற்பதில்லை என மத்தியு கில்லிங்ஸ்வேத் 2021இல் மறுத்தார். பின்னர் 2023இல் கானமனும் கில்லிங்ஸ்வேத்தும், பாபரா மெல்லேஸ் என்பாரை உடன்கொண்டு, ஒருங்கிருந்து ஆராய்ந்தனர். பெரும்பாலார்க்கு மகிழ்ச்சி வருவாயோடு உயர்ந்துகொண்டே செல்லும்; துயர் மிக்க ஒரு சிறுபான்மையினர்க்கோ 100,000 டொலரளவில் அது நின்றுவிடும் என்பது அவர் முடிபு. பொருளால் தீர்க்கவியலாத துயர் எஞ்சிவிடுவதே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதிய அவர்கள், காதல் முறிவையும் உற்றார் இறப்பையும் எடுத்துக்காட்டாகச் சுட்டினர். பாலைத் தலைவியின் வருத்தம் இவ்வினத்தைச் சார்ந்ததே. இவ்வளவைகளிலே ஒரு குறையும் உண்டு. வருவாயையும் மகிழ்ச்சியையும் ஒருவரிடத்திலேயே வைத்து அவை நோக்குகின்றன; ஒருவர் வருவாயின் விலையை மற்றொருவர் செலுத்தும் நிலை அக்கணக்கினுள் எளிதில் அடங்குவதில்லை.

யாழ்ப்பாணத்தார்க்கு அந்நிலையை விளக்க வேண்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆங்கிலங் கற்ற இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் அரசாங்கக் கந்தோர்களுக்கும் சென்றனர். அவர்கள் அனுப்பிய மணியோடர்களினால் கல்வீடுகளும் கோயில்களும் கல்லூரிக் கட்டடங்களும் எழுந்தன. அப்பொருள் இன்பம் தந்ததா என்பதற்கு அவ்வீடுகள் ஒரு விடை. அவ்வீடுகளின் திண்ணையிலே கடிதத்துக்குக் காத்திருந்த பெண்கள் மற்றொரு விடை. கடல்வழிச் செலவு மகளிரோடு இல்லை என்றது தொல்காப்பியம். 1970களின் பிற்பகுதி முதலாக இலங்கைப் பெண்களே பணிப்பெண்களாக அரபு நாடுகளுக்குப் போகத் தொடங்கினர். தலைவி பிரியத் தலைவனும் குழந்தைகளும் இல்லிருக்கும் இப்பாலைக்குத் துறை வகுத்த இலக்கணம் இல்லை.

இனி, பொருள் தெளிவாக இன்பந் தந்த இடம் சங்கப்பாட்டில் உண்டோ எனின், உண்டு. அரசனாயினும் வேட்டுவனாயினும் உண்பது ஒரு நாழி, உடுப்பது இரண்டு. ஆகலின் செல்வத்துப் பயன் ஈதலே என்று நக்கீரர் கூறியது (புறம் 189) பலரும் அறிந்தது. அவர் கூறியதை நடந்து காட்டியவன் குமணன். நாட்டைத் தம்பிக்கு இழந்து காட்டில் இருந்தபோது, நாடிழந்ததினும் பரிசிலன் வெறுங்கையோடு மீளுதலே தனக்குக் கொடிது என்று அவன் வருந்தினான் என்பதைப் புறம் 165 உரைக்கின்றது. கொடுப்பார்க்கு மகிழ்ச்சி மிகும் என்பதைத் தன்மேற் செலவிடுவோரையும் பிறர்க்குச் செலவிடுவோரையும் ஒப்பிட்டுக் கண்ட ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. இத்தமிழ்நூலைப் பயின்றோர்க்கு அதிலே வியப்பில்லை.

ஆயினும் ஈதலின் இன்பத்தைப் பாடிய பாட்டுக்களுள்ளும் நுணுகி நோக்கத்தக்கது, அதே குமணனிடம் பரிசில் பெற்று வீடு திரும்பிய பெருஞ்சித்திரனார் மனைவிக்குக் கூறியது (புறம் 163). நீ விரும்புவோர்க்கும், உன்னை விரும்புவோர்க்கும், உன் சுற்றத்தார்க்கும், நம் பசிக்காலத்திலே நெடுநாட் கடன் தந்தோர்க்கும், இன்னார் இனியார் என்று பாராது எல்லோர்க்கும் கொடு. என்னைக் கேட்கவும் வேண்டா என்கின்றார். புலவரின் பெருமிதம் ஒவ்வோரடியிலும் பொங்குகின்றது. இப்பாட்டைப் பாராட்டாதார் இல்லை. எனினும் பாராட்டுவோர் பலர் விட்டுச்செல்லும் சிறு தொடரொன்று இடையிலே கிடக்கின்றது. சிக்கனமாக வைத்து நாம் வாழ்வோம் என்று எண்ணாதே எனவும் அவர் மனைவிக்குச் சொல்கின்றார். அவ்வெண்ணம் யாருடையது? அண்டை வீடுகளில் அரிசி கடன் கேட்டு நின்றவள் அவள். நாளைக்கும் அடுப்பு எரியவேண்டும் என்று நினைக்க உரியவளும் அவளே. அவள் சொல்லக்கூடியதை முன்னரே அறிந்து, சொல்லுமுன் தடுத்துவிடுகின்றார் புலவர். அவள் கூறிய மறுமொழி யாதென்று பாட்டிலே இல்லை.