பீரங்கியின் மேல் விழுந்த பழி

சிங்கப்பூரின் வீழ்ச்சியைப் பற்றி எழுதுவோர் பலர், பீரங்கிகள் கடலை நோக்கியிருந்தன, பகைவனோ நிலவழி வந்தான் என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். மாணவர்க்கும் அவ்வாறே கூறப்படுகிறது. கேட்பதற்குச் சுவையான கதைதான், உண்மையோடு பொருந்தாது.

சில பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பாதவை என்பது மெய்யே. எனினும் சாங்கியிலிருந்த 15 அங்குலப் பீரங்கிகள் ஜொகூரை நோக்கிச் சுட்டன. குறை குண்டுகளில் இருந்தது. கப்பலின் எஃகுத் தகட்டைத் துளைப்பதற்கென வார்த்த குண்டு மண்ணில் ஆழப் புதைந்துபோகும். பரவி நிற்கும் காலாட்படைக்கு அதனால் பெருந்தீங்கு நேராது. அத்தகைய குண்டையே மிகுதியாகச் சேர்த்து வைத்தது ஏன் என்று கேட்குமிடத்தில்தான் ஆராய்ச்சி தொடங்கவேண்டும்.

விடை இலண்டனில் இருக்கிறது. சிங்கப்பூரில் கடற்படைத் தளம் அமைக்க 1921இல் இசைந்த ஆங்கில அரசு, போர் மூண்டால் தாய்நாட்டிலிருந்து பெரும் கப்பற்படை வந்து சேரும், அதுவரை தீவு தாக்குப்பிடித்தால் போதும் என்று கணக்கிட்டது. செம்பவாங்கில் தளம் 1938இல் திறக்கப்பட்டது. கப்பற்படை வரவில்லை. 1940இல் பிரான்சு வீழ்ந்தபின் ஐரோப்பியக் கடல்களை விட்டு அதனை அனுப்ப இயலாமற் போயிற்று. ஈற்றில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு பெருங்கப்பல்களும், காக்கும் விமானமின்றி, 1941 டிசம்பர் 10ஆம் நாள் குவாந்தானுக்கு அப்பால் மூழ்கின. மாளிகை கட்டி, பூட்டும் வாங்கி மாட்டி, குடியிருப்போரை வேற்றூரில் விட்டுவைத்த கதையாயிற்று.

வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்பதை எவரும் அறியாமலில்லை. வடகிழக்குப் பருவமழையிலும் கரையில் படை இறக்க இயலும், மலாயா வழியே தளத்தைத் தாக்க இயலும் என்று தளபதி டோபி 1937இலேயே எடுத்துரைத்தார். அதே பருவமழைக் காலத்தில், 1941 டிசம்பர் 8ஆம் நாள், ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். ரப்பருக்கும் ஈயத்திற்குமாகப் போட்ட நல்ல சாலைகளிலும் தோட்டப் பாதைகளிலும் மிதிவண்டியேறி, 55 நாளில் ஜொகூர் நீரிணையை அடைந்தனர். அடுத்த 15 நாளில் தீவு வீழ்ந்தது.

பீரங்கிக் கதையை மட்டும் அறிந்தவர்க்குப் பிற்காலத் தற்காப்புக் கொள்கை விளங்குவது அரிது. சிங்கப்பூர் 1967இல் தேசிய சேவையைக் கட்டாயமாக்கியதும், 1984இல் பொருளியல், சமூகம், மனவுறுதி ஆகியவற்றையும் சேர்த்து முழுமைத் தற்காப்பை வகுத்ததும் வராத கப்பற்படையை நினைந்தே எனலாம். ஆங்கிலப் படைகள் பெரும்பாலும் விலகிய 1971இல், மலேசியாவும் சிங்கப்பூரும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்துடன் செய்துகொண்ட ஐந்நாட்டுத் தற்காப்பு ஏற்பாட்டையும் கூர்ந்து படிக்கவேண்டும். தாக்குதல் நேர்ந்தால் ஐவரும் கலந்து ஆலோசிப்பர் என்பதே அதன் சொல். படை அனுப்பியே தீருவோம் என்னும் உறுதிமொழி அதில் இல்லை.