பேராசிரியர் துரைராசாவும் வரலாறு எழுதும் முறையும்

பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவர்தம் குணநலனை விரித்துரைத்து, அவர் ஆற்றிய பணியைச் சுருக்கிவிடுதல் தமிழரிடை நெடுநாள் வழக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராய் விளங்கிய பேராசிரியர் அழகையா துரைராசாவைப் (1934–1994) பற்றிய நினைவுரைகள் பலவும் இவ்வழக்கிற்குச் சான்றாகும்.

அவ்வுரைகளில் மேலோங்கி நிற்பது ஒரு துவிச்சக்கர வண்டி. 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபின், மின்சாரமும் எரிபொருளும் அற்ற யாழ்ப்பாணத்திலே துணைவேந்தர் அதிலேறிப் பணிக்குச் சென்ற காட்சி உள்ளத்தைத் தொடுவதே. ஆயினும், அந்நாளில் அவ்வாறு சென்றோர் பல்லாயிரவர். அவருள் துரைராசா ஒருவரே செய்த செயல் யாது? இவ்வினாவுக்கு விடை கூறாத வரலாறு குறையுடையது.

விடை மண்ணிலே கிடக்கின்றது. வடமராட்சிக் கம்பர்மலையைச் சேர்ந்த அவர், 1957 இல் இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பட்டம் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று மண்பொறியியலை ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியை ஆரையம்பதி மாணவனுக்கு விளக்குதல் எளிது. ஊரின் கிழக்கே கடல்மணல், மேற்கே வாவிக்களி. நெருங்கிப் படிந்த மணல் சறுக்கும்போது விரியும். நீரூறிய மென்களி சுருங்கும். மணலையும் வெண்களியையும் சோதித்த துரைராசா, பருமன் மாற்றத்துக்குரிய வேலையை வேறுபிரித்து நோக்கினார். உராய்வினாற் செலவாகும் சக்தி எளியதொரு விதிக்கு அடங்குதலைக் கண்டார். ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் என்போருடன் 1963 இல் அவர் வெளியிட்ட கட்டுரை, கேம்பிரிட்ஜின் காம் ஆற்றுப் பெயர் தாங்கிய களிமண் மாதிரிக்கு அடிகோலிற்று. அணைக்கட்டும் அத்திவாரமும் கணிப்போர் அதன் வழிவந்த முறைகளை இன்றும் கையாளுகின்றனர்.

இத்தகைய அறிஞர் தாய்நாடு மீண்டு, பேராதனையிற் பொறியியல் கற்பித்து, 1988 இல் யாழ்ப்பாணத்துத் துணைவேந்தரானார். 1990 இல் கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது அவர் காலத்தேயாம். உலகம் மதித்த ஆய்வை உடையவர் போர்க்களத்து நடுவே பல்கலைக்கழகத்தைக் காத்து நின்றார் என்று அறிந்த பின்னரே, அவர் துறந்தது எவ்வளவு என்பது விளங்கும். ஆய்வை மறைத்தால் எளிமையின் பெருமையும் மறைந்துவிடும்.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகளின் துறவைப் போற்றும் மட்டக்களப்பார், விஞ்ஞானம் பயின்ற அவர் பல்லாண்டு உழைத்து 1947 இல் அரங்கேற்றிய யாழ்நூலை மறப்பதில்லை. அவ்வளவுகோலே துரைராசா வரலாற்றுக்கும் உரியது.

வண்டியை மட்டும் காட்டும் வரலாறு மாணவனைக் கைகூப்பச் செய்யும். களிமண்ணையும் உடன் காட்டும் வரலாறு அவனை ஆய்வுகூடத்துக்கு அழைத்துச் செல்லும். ஆசானாய் வாழ்ந்தவர்க்கு அதுவே ஏற்ற நினைவாகும்.