‘பாத்துக்க ஆள் இருக்கா?’ – காரைக்கால் வீடுகளும் நடக்க முடியாத உடல்களும்

அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்த கோலத்தில் இருப்பவர் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். இறைவனே ‘அம்மையே’ என்று அழைத்ததால் வந்த மரியாதை என்பது வழக்கமான விளக்கம். சேக்கிழாரின் பிரதியை வேறு மாதிரியும் வாசிக்கலாம். புனிதவதி இருந்தவரைக்கும் அந்த வணிகன் வீட்டில் கவனிப்பு என்பது அவள் செய்வது, அவளுக்குச் செய்யப்படுவது அல்ல. கணவனுக்காகச் சுமந்த தசையை உதறிப் பேயுருக் கொண்டபின், தலையால் நடந்து கயிலை போகிற அந்த உடலுக்கு எந்த வீட்டிலும் இடமில்லை. பக்கத்தில் திருநள்ளாற்றுச் சனீஸ்வரனோ புராணப்படி கால் ஊனமானவர். மெதுவாக நடப்பவர் என்பதுதான் பெயருக்கே பொருள். ஆக, விந்துகிற காலைக் கும்பிடத் தெரிந்த மாவட்டம் இது. ஆனி மாதம் மாங்கனி இறைக்கிற மாடியிலிருந்து நடமாட முடியாத ஒருவரைக் கீழே இறக்கத்தான் வழி தெரியாது.

பக்கவாதம் வந்து ஒருவர் வீடு திரும்பினால் தெருவில் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: “பாத்துக்க ஆள் இருக்கா?” படி எத்தனை, கக்கூஸ் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ‘ஆள்’ என்கிற சொல்லுக்கு இலக்கணத்தில் பால் கிடையாது. புழக்கத்தில் அது மனைவி, மருமகள், கல்யாணமாகாத மகள். கட்டடத்தின் குறைபாட்டைப் பெண்ணின் கடமையாக உருமாற்றுகிற சொல்லாடல் இது. செங்கல்லும் சிமெண்டும் செய்ய வேண்டியதை அவளுடைய இடுப்பு எலும்பு செய்கிறது.

டெல்டாவின் பழைய வீடு ஒரு குறிப்பிட்ட உடலை மனசில் வைத்துக் கட்டப்பட்டது. குந்தத் தெரிந்த, படியேறத் தெரிந்த, இருட்டில் கொல்லைக்குப் போய்வரத் தெரிந்த உடல். தெருவிலிருந்து மூணு படி, திண்ணை, நிலைப்படி, ரேழி, முற்றத்துக்கு ஒரு இறக்கம், மறுபடி ஏற்றம், கடைசியில் கொல்லைக் கக்கூஸ். ஏன் அவ்வளவு தூரம்? தீட்டு. மலம் அள்ள வருகிறவர் வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்சந்து வழியாகவே வந்துபோக வகுத்த தூரம் அது. எடுப்புக் கக்கூஸ் போய் செப்டிக் டேங்க் வந்தபிறகும் பல வீடுகளில் தூரம் மட்டும் அப்படியே. சாதி விலக்கிவைத்த இடத்துக்குச் சாதிக்காரரின் முடங்கிய கால் இப்போது போய்ச்சேர முடியவில்லை. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’க்குப் பிறகு நமது பெண்ணியம் அடுப்படியை வாசித்த அளவுக்குக் கொல்லையை வாசிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

புதுவீடு மேல் என்று நினைக்க வேண்டாம். வழுக்கும் டைல்ஸ், உள்பக்கம் திறக்கிற இரண்டேகால் அடி பாத்ரூம் கதவு. உள்ளே விழுந்தவர் தானே கதவுக்குத் தாழ்ப்பாளாகிவிடுவார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களில் வீட்டை முதலிலிருந்து யோசிக்க ஒரு சந்தர்ப்பம் வந்தது. கடலுக்குப் பயந்து தளத்தை உயர்த்திய இடங்களில் படிதான் கூடியது.

செய்யக்கூடியவை பெரும்பாலும் சின்ன வேலைகள். கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றுவது. கக்கூஸ் சுவரில் இரும்புக் குழாய்ப் பிடி. குந்துகிற பீங்கானுக்கு மேல் ஓட்டை போட்ட நாற்காலி. நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் சரிவுப் பலகை (மகாலட்சுமி கோபிக்க மாட்டாள், படியை உடைக்கவில்லையே). சாய்தளம்தான் சிக்கல். 1:12 கணக்குப்படி ஒன்றரை அடி உயரத்துக்கு 18 அடி நீளம் வேண்டும். காரைக்கால் தெரு அதைத் தராது, கொல்லை வாசலைத்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் ‘ஆளை’யே தேடுகிறது. 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளையைப் பிடித்து மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் கொடுக்கச் சொல்கிறது. கக்கூசைப் பற்றிப் பேச்சில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தோடு வாழும் உரிமையையும் வீட்டிலேயே கிடைக்கும் உதவியையும் பேசுகிறது, பராமரிப்பவருக்கான படியையும் சொல்கிறது. கூடவே ‘பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்’ என்று ஒரு வாலையும் ஒட்டிவைக்கிறது. 2017இல் தொடங்கிய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியவருக்குச் சக்கர நாற்காலி உண்டு. அது நுழைகிற வாசலுக்குத் திட்டமில்லை.

இதில் காரைக்காலின் எல்லை வேறு. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் இயன்முறை சிகிச்சையும் வலிநிவாரணக் கவனிப்பும் வீட்டுக்கே வருகின்றன. நாகூர் வரை வருவது வாஞ்சூருக்கு வராது, அது புதுச்சேரி. சரக்கு மட்டும் எல்லை தாண்டும். மூன்றாவது அரசு ஒன்றும் உண்டு. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பங்களில் சிலருக்கு, முக்கியமாகப் பட்டாளத்தில் இருந்த ‘சொல்தா’க்களுக்கு, அங்கிருந்து பென்ஷன் வருவது ஊரறிந்தது. 2024 ஜனவரி முதல் பிரான்ஸ், முதியோரும் ஊனமுற்றோரும் வீட்டைத் திருத்திக்கொள்ள 22,000 யூரோ வரையான வேலைக்கு, வருமானத்தைப் பொறுத்து 50 அல்லது 70 சதவீதம் தருகிறது. வீடு பிரான்சில் இருந்தால். பென்ஷன் கடல் தாண்டும், கைப்பிடி தாண்டாது.

“கம்பி சோறு ஊட்டுமா?” என்று தோழர்கள் கேட்கலாம். ஊட்டாது. 2003 ஆகஸ்ட் வெயிலில் அதே பிரான்சில் சுமார் 15,000 பேர், பெரும்பாலும் முதியவர்கள், செத்துப்போனார்கள், பலர் தனியாக. ஆள் வேண்டும். ஆனால் ராத்திரி மூணு மணிக்கு ஒரு மனுஷன் தானாகப் பிடித்து எழுந்து போய்வர முடிந்தால், அவருக்கு வெட்கம் மிச்சம், அவளுக்குத் தூக்கம் மிச்சம். பிறகுதான் அவளுடைய உழைப்புக்கு என்ன கூலி, அதில் பாதியை வீட்டு ஆண்கள் ஏன் செய்யக் கூடாது என்கிற பேச்சையே ஆரம்பிக்க முடியும். அரசு மானியத்தில் கட்டுகிற வீடுகளின் வரைபடத்தில் கக்கூஸ் கதவு எத்தனை அடி என்று முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.