லெஸ் மெக்கானும் ஒத்திகை பார்க்காத அந்தக் கச்சேரியும்

பியானோ கலைஞர் லெஸ் மெக்கான் 2023 டிசம்பர் கடைசியில், 88 வயதில் காலமானார். அவரைப் பற்றி யார் எழுதினாலும் பேச்சு ‘ஸ்விஸ் மூவ்மென்ட்’ ஆல்பத்தில் போய் நிற்கும். 1969 ஜூனில், சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் மேடையிலேயே பதிவானது அது. (கைக்கடிகாரத்துக்குள் ஓடும் சுவிஸ் இயந்திரத்துக்கும் அதே பெயர்தான். நல்ல சிலேடை.)

கூடவே ஒரு கதையும் வந்துவிடும்: ‘ஒத்திகையே பார்க்கலையாம்!’ பொய்யில்லை. சாக்சபோன் வாசித்த எடி ஹாரிஸும் ட்ரம்பெட் வாசித்த பென்னி பெய்லியும் மெக்கானின் மூவர் குழுவோடு ஒத்திகை இல்லாமல்தான் மேடையேறினார்கள். ஆனா அது பாதிக் கதை. ஆல்பத்தின் முதல் பாட்டான ‘கம்பேர்ட் டு வாட்’ மெக்கானுக்குப் புதுசு இல்லை. ஜீன் மெக்டேனியல்ஸ் எழுதிய அதை 1966லேயே அவர் பதிவு செய்திருந்தார். விருந்தாளிகள் ரெண்டு பேரும் துணிந்து நுழைய முடிந்ததற்குக் காரணம், கீழே லெராய் வின்னகரின் பாஸும் டொனால்ட் டீனின் டிரம்ஸும் அசையாமல் நின்றதுதான். தற்செயலைப் புகழ்கிறவர்கள் இந்த ரெண்டு பேரையும் மறந்துவிடுகிறார்கள்.

அந்தப் பாட்டைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க. வார்த்தை வர ரொம்ப நேரம் ஆகும். அதுவரைக்கும் பியானோ ஒரே சின்ன அடவைத் திரும்பத் திரும்ப அடித்துச் சூடேற்றிக்கொண்டே போகும். கறுப்பினத் தேவாலயங்களில் பாட்டு மெதுவாகக் கொதிநிலைக்கு ஏறுமே, அந்த வழி. கால் தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் மெக்கான் வாயைத் திறக்கிறார். வருவதோ கோபம்: வியட்நாம் போர், அதற்குக் காரணம் சொல்லாத அதிபர், போலி பக்தி. ஆடிக்கொண்டிருக்கிறவன் காதில் விழுகிற கண்டனம் இது. மேடைப் பேச்சாக இருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். சோல் ஜாஸை ‘எளிமையான சரக்கு’ என்று ஒதுக்கிய விமர்சகர்களுக்கு அந்த எளிமை என்ன வேலை செய்கிறது என்பது பிடிபடவில்லை என்றுதான் சொல்வேன். அதே 1969ல் ரொபெர்டா ஃப்ளாக்கும் இதைத் தன் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டாக வைத்தார். அவரை அட்லாண்டிக் நிறுவனத்துக்கு அறிமுகப்படுத்தியதே மெக்கான்தான்.

பிற்காலத்தில் மெக்கானின் பழைய பதிவுகளை ஹிப்-ஹாப்காரர்கள் வெட்டி எடுத்துப் பயன்படுத்தினார்கள். மாஸிவ் அட்டாக்கின் ‘டியர்டிராப்’ கேட்டிருந்தால், பேர் தெரியாமலே அவரைக் கேட்டிருக்கிறீர்கள்.

முதல் பாட்டோடு நிறுத்திடாதீங்க. ‘யூ காட் இட் இன் யுவர் சோல்னெஸ்’ல் பென்னி பெய்லியின் ட்ரம்பெட் முறை வரும். ஐரோப்பாவில் குடியேறிவிட்ட அமெரிக்கர், பழக்கமில்லாத குழு. அடக்கி வாசிக்க எல்லாக் காரணமும் இருந்தது. மனுஷன் அடக்கி வாசிக்கவே இல்லை.