ஒரு பானம், நான்கு பெயர்: கும்மிடிப்பூண்டியில் உணவுச் சொற்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் விடும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் காதைக் கொடுத்தால், ஒரே பானத்தை நான்கு பெயரில் கேட்கலாம். உள்ளூர்க்காரருக்கு அது 'டீ'. பீகார் தொழிலாளிக்குச் 'சாய்'. ஒடிசாக்காரருக்கும் வங்காளிக்கும் 'சா'. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வரும் பெரியவருக்குத் 'தேத்தண்ணி'.

நான்குக்கும் வேர் சீனத்தில்தான். ஃபூஜியன் கரையோர மக்கள் 'தே' என்றார்கள். சீனத்தின் பிற பகுதிகளில் 'சா'. 'தே' கப்பலேறியது. 17ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோக, ஆங்கிலத்தில் 'டீ' ஆகி நம்மிடம் வந்தது. 'சா' பாரசீகத்தில் ஒரு யகர ஒற்றைச் சேர்த்துக்கொண்டு 'சாய்' என்று இந்திக்கு வந்தது. அந்த டச்சுக்காரர்களின் சோழமண்டலத் தலைமையிடம் இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காடு. அங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அங்கிருந்து அவர்கள் முக்கியமாக ஏற்றியது துணி என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

'தேயிலை', 'தேநீர்' என்ற சொற்களில் இருப்பதும் அந்தத் 'தே'தான். கடைப் பலகைகளில் 'தேனீர்' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். தேனுக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒத்துவந்தால் பொருளும் ஒத்துவரும் என்ற நம்பிக்கைதான் சொற்பிறப்பு ஆய்வின் பெரிய பொறி.

அந்தப் பொறி மளிகைக்கடையிலும் உண்டு. பீகார் தொழிலாளி 'சத்து' கேட்டால், நம் காதில் விழுவது சத்துமாவு. அவர் கேட்பதோ வறுத்த கடலை மாவு. உப்பும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துப் பிசைந்தோ, தண்ணீரில் கரைத்தோ சாப்பிடுவது. அந்தச் சொல் வடமொழி 'சக்து'விலிருந்து வந்தது. நம்முடைய 'சத்து'க்கு மூலம் 'சத்துவ'. இரண்டும் வடமொழி வழியே வந்தவைதான். ஆனாலும் வேர் வேறு, பொருளும் வேறு.

இத்துறையில் நல்ல நூல்கள் உண்டு. 1886இல் வெளிவந்த யூல், பர்னல் இருவரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' கஞ்சி ஆங்கிலத்துக்குள் போன கதையைச் சொல்கிறது. பட்டாளத்துச் சிறைக்குக் 'கஞ்சி வீடு' என்று பெயர் இருந்ததையும் குறிக்கிறது. அதே கஞ்சி போர்த்துக்கீசில் 'கான்ஜா' ஆகி, இன்று அரிசி சேர்த்த கோழி சூப்பின் பெயராக நிற்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனும், பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதியும் (1961) இல்லாமல் இங்கே ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. எண்ணெய் வேதியியல் அறிஞரான கே.டி. அச்சயா 1998இல் இந்திய உணவுக்கென்றே ஒரு வரலாற்று அகராதி தந்தார். என் மனத்துக்கு நெருக்கமானது ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'. ஒரு பானத்தின் பின்னால் எத்தனை சமூக வரலாறு இருக்கிறது என்று தமிழில் அழுத்தமாகக் காட்டிய நூல் அது.

இவற்றுக்கெல்லாம் பெரும்பாலும் ஏடும் அச்சும்தான் ஆதாரம். தொழிலாளியின் தூக்குவாளி இன்னும் ஆய்வுக்குள் சரியாக வரவில்லை. இரவில் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் உண்பது இங்கே 'பழையது'. ஆரம்பாக்கம் தாண்டினால் தெலுங்கில் 'சத்தன்னம்', ஒடியாவில் 'பகாளா', வங்காளத்தில் 'பாந்தா பாத்'. இந்த நாலு மொழிக்காரர்களும் ஒரே ஆலையில் வேலை பார்க்கிறார்கள்.

முகாம் தமிழில் வேறொரு அடுக்கு உண்டு. 'பாண்' போர்த்துக்கீசியர் தந்தது. பீன்ஸைக் குறிக்கும் 'போஞ்சி' டச்சுச் சொல். பழவேற்காட்டில் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரர்கள் இலங்கையில் விட்டுச்சென்ற சொல், அகதிகளோடு இந்த மாவட்டத்துக்கு வந்திருக்கிறது. முகாமில் பிறந்த பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். 'போஞ்சி' அவர்கள் வாயில் 'பீன்ஸ்' ஆக எத்தனை காலம் ஆகும்?

பொன்னேரி அரசு கலைக் கல்லூரியின் தமிழ்த்துறை இந்தச் சொற்களைச் சேகரிக்கும் பணியைக் கையில் எடுக்க வேண்டும். சொல்லை மட்டும் குறித்தால் போதாது. சொன்னவரின் ஊர், தாய்மொழி, அந்த உணவின் செய்முறை எல்லாவற்றையும் குரலோடு பதிவு செய்யுங்கள். முகாமின் பெரியவர்களிடமிருந்து தொடங்குங்கள்.