யாழ் நூல்: ஒரு மதிப்பீடு

யாழ் நூல் என்பது பழந்தமிழரின் நரம்புக் கருவியான யாழைப் பற்றிச் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) எழுதிய ஆராய்ச்சி நூல். கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட இந்நூல், 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியனைப் பற்றி வரும் பகுதிக்கு விளக்கம் தேடிய முயற்சியே பாயிரவியல் முதல் ஒழிபியல் வரை ஏழு இயல்களாக விரிந்தது. அடிகள் தமிழ்ப் பண்டிதர். அறிவியல் பட்டமும் பெற்றவர். உரையாசிரியர்கள் சொல்லிச்சென்ற நரம்புகளையும் அலகுகளையும் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். நூலின் பெரும்பலம் இதுவே.

யாழே பின்னர் வீணையாயிற்று என்று மாணவர் பலர் விடைத்தாளில் எழுதுவதுண்டு. வில் வடிவ யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு வேண்டும். வீணையிலோ ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களை எழுப்பலாம். இரண்டும் அமைப்பில் வேறானவை. சகோட யாழுக்கு 14, பேரியாழுக்கு 21 என்று அடியார்க்கு நல்லார் தரும் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது இதனால் விளங்கும். ஏழு நரம்பு ஒரு தானம் எனக் கொண்டால், அவை முறையே இரண்டு, மூன்று தானங்கள் ஆகின்றன.

ஆனால் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. நரம்பின் சுரம் அதன் நீளத்தை மட்டுமன்றி, தடிப்பையும் முறுக்கையும் பொறுத்தது. கருவியின் குரலோ பத்தரின் ஆழத்தையும் அதைப் போர்த்திய தோலையும் பொறுத்தது. பழைய யாழ் எதுவும் நம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆகவே சுர விகிதங்களைத் துணிந்து ஏற்கலாம். கருவியின் உருவத்தையும் அளவுகளையும் ஊகமாகவே கொள்ள வேண்டும். இவ்வேறுபாடு நூலைப் புதிதாகப் படிப்பவருக்கு எளிதில் புலப்படாது. நூலின் செறிந்த நடையும் அதற்கு ஒரு காரணம்.

பர்மாவில் இன்றும் வாசிக்கப்படும் சாங் என்னும் வில்யாழ் இங்கே உதவும். அதற்கும் தோல் போர்த்த பத்தர் உண்டு. வளைந்த கோட்டில் கயிறு சுற்றி நரம்பை இறுக்குவது அதன் பழைய முறை. பொருநராற்றுப்படை கூறும் போர்வையையும் திவவையும் மாணவர் இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

யாழ் நூலை முடிந்த முடிபாகக் கொள்ளாமல், தொடர வேண்டிய ஆய்வாகக் கொள்வதே அடிகளின் உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.